ஒன்பது மீற்றர்

மாங்குளத்தில் வாங்கின நாலு பற்றறியில்
இரண்டு பழசு.
கடைக்காரன் சத்தியம் பண்ணித்தான் தந்தான்.

ஆடி முடிகிற கிழமை.
பாலியாற்றுக்குள் இறங்கி நடக்கிறோம்,
நான், நில அளவைக்கு வந்த யசிந்தன்,
தண்ணீர்க் கான் சுமக்கிற கெங்காதரன்.
இதை ஆறு என்பது வரைபடம்தான்.
காலுக்குக் கீழே மணல்.
மணலுக்குக் கீழே ஒருவேளை ஆறு.

தேடிப் போவது ஒரு குளத்தை.
திணைக்களப் பேரேட்டில் நாற்பத்தேழாம் இலக்கம்,
கரடியுடைத்தான் குளம்,
கட்டு முந்நூற்றுப் பத்து யார், துருசு ஒன்று,
'நிலைமை' என்ற கூட்டுக்குள் ஒரு கேள்விக்குறி.
அந்தக் கேள்விக்குறிக்குத்தான் எனக்குச் சம்பளம்.

கரை இரண்டு ஆள் உயரத்துக்கு எழும்பின இடத்தில்
இரு பக்கத்து மருதுகளும் சாய்ந்து
வானத்தை மூடிவிட்டன.
திரையில் சற்றலைற்றுகள் அணைந்தன:
ஏழு. ஐந்து. மூன்று.
அம்புக்குறி ஒரு சுற்றுச் சுற்றி
வந்த பக்கத்தையே காட்டியது,
வீட்டை போ என்கிற மாதிரி.

யசிந்தன் வெயில் விழுந்த ஒரு வட்டத்தில் போய் நின்று
கருவியை உச்சிக்கு மேலே தூக்கிப் பிடித்தான்.
மழைக்கு ஏந்துகிறவன் போல இருந்தது.
காத்திருந்தோம்.
பாலைப்பழக் கொட்டை நிறைந்த கரடி எச்சத்தைக்
குச்சியால் கிளறிக்கொண்டே
கெங்காதரன் சொன்னான்:
இந்த ஆற்றால நான் முந்தி ஒருக்கா நடந்திருக்கிறன்.
இரவு.
எந்தப் பக்கம் போனீங்கள் என்று யசிந்தன் கேட்டான்.
சத்தம் வராத பக்கம்.

பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.
நாலாவது சற்றலைற் வந்தது.

கரையேறி, வீரை, விண்ணாங்கு, முதிரை தாண்டி,
கை முழுக்கச் சூரைமுள் கீற,
முந்நூறு, நூற்றியிருபது, நாற்பது,
பூச்சியம்.
கருவி கீச்சென்றது.
ஒரு சின்னக் கொடி ஆடியது திரையில்.
வந்து சேர்ந்துவிட்டோமாம்.

பற்றை. சுற்றிவரப் பற்றை.
கட்டுமில்லை, துருசுமில்லை,
தண்ணி இருந்த ஞாபகத்தில் ஒரு பள்ளம்கூட இல்லை.
திரையின் அடியில் பொடி எழுத்தில்:
பிழை, கூட்டியோ குறைத்தோ, ஒன்பது மீற்றர்.

ஒன்றரைச் சேலை நீளம்.
மூன்று பக்கம் ஒவ்வொரு அடியாகப் பார்த்தோம்.
நாலாவது பக்கம் சிவப்புத் தலை வைத்த கட்டைகள்,
மாரி கழுவின ஒரு பலகை.
எழுத்துப் போய்விட்டது.
மண்டையோடு மட்டும் மிச்சம்.

அதற்கு அப்பால்தான் இருந்தது.
இரண்டு கருங்கல்,
நடுவில் சதுரமாக இருட்டு.
துருசு.
யசிந்தனின் கால் தன்பாட்டில் முன்னே எழும்பியது.
கெங்காதரன் ஒன்றும் சொல்லவில்லை.
சேட்டின் பின்பக்கத்தைப் பிடித்தான்,
பிடித்தது பிடித்தபடி நின்றான்.

திசைகோணம் எடுத்துத் தூரத்தைக் கூட்டினால்
சரியான இடம் வரும் மிஸ், என்றான் யசிந்தன்,
குரல் இன்னும் சரியாக வராமல்.
வரும். எனக்கும் தெரியும்.
ஆனால் இந்தக் கருவிக்குத் தமிழ் தெரியாது.
இலக்கத்துக்குப் பக்கத்தில்
கிட்டப் போகாதே என்று எழுத இடமில்லை.
வெடி அகற்றுகிறவர்களுக்குத் தனிக் கடிதம் போகும்.
பதில் வர எத்தனை மாரியோ.

நின்ற இடத்தில் நின்றே அமத்தினேன்.
நாற்பத்தேழு.
நீலப் புள்ளி விழுந்தது.
பிழையோடு.

நிலைமைக் கூட்டில் 'உண்டு' என்று எழுதினேன்.
இனி இந்த அம்பைப் பிடித்துக்கொண்டு வருகிற ஆள்,
யாராகவும் இருக்கட்டும்,
இதே சூரைப் பற்றைக்குள் வந்து நின்று,
முள்ளைப் பிடுங்கி,
குளத்தைக் காணாமல்
எங்களை வாய் நிறையத் திட்டட்டும்.

திரும்புகிறபோது பற்றறி செத்தது.
ஆற்று மணலில் எங்கள் அடிகள் அப்படியே கிடந்தன.
அவற்றைப் பார்த்துக்கொண்டே நடந்தோம்,
மேலே ஒரு யானை நடந்துபோன இடங்களில்
கொஞ்சம் நின்று நின்று.